ஹெல்மெட் இல்லாத ஆட்டம்

1

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பெண்கள் சேர்ந்து என் மகளைத் தூக்கிக் கீழே போட்டதைப் பார்த்து நான் கைதட்டினேன். இதை எழுதும்போதுகூட உள்ளங்கை கூசுகிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கிற நீங்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

குடியிருப்பது மலேசியாவில் ஜொகூர் பாரு, சுருக்கி ஜேபி என்பார்கள். வேலை செனாயில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாடு. சேத்தியாத்தோப்பிலிருந்து கிளம்பி வந்து இந்த மாதத்தோடு பதினேழு வருடம் முடிகிறது. தொழிற்சாலைக்கு எதிரே ஒரு மாமாக் கடை இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் டீக்கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். சுவரில் பெரிய டிவி. ஆஸ்திரேலியாவில் ராத்திரி எட்டு மணி ஆட்டம் என்றால் இங்கே மாலைதான். ஷிப்ட் முடிந்த கையோடு ஒரு டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் ரக்பி லீக் தொடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் நானும் செல்வமும் அங்கே இருப்போம்.

செல்வம் எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். ஆனாலும் இந்த ஊர் வழக்கப்படி என்னைத்தான் 'பாஸ்' என்பார், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவார். லாபிஸ் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவர். சிட்னியில் ஆறு வருடம் கிடங்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். இந்த ஆட்டப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தது அவர்தான்.

அன்றைக்கு இடைவேளை விட்டதும் செல்வம் போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். "பாஸ், இத பாருங்க. நம்ம ஜேபி பொண்ணுங்க. என் அண்ணன் மகளும் இந்த டீம்லதான் இருக்கா."

தூரத்திலிருந்து எடுத்த வீடியோ. மழை பெய்து சேறான மைதானம். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் ஓடி வருகிறாள். இரண்டு பேர் இடுப்பைப் பிடிக்கிறார்கள். மூன்றாமவள் பக்கவாட்டிலிருந்து வந்து தோளால் ஒரு இடி. ஓடி வந்தவளின் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி, முதுகு அடித்து விழுகிறாள்.

"ஆகா!" என்று நான் மேசையில் தட்டிக் கைதட்டினேன். டீ சிந்தியது. "யாருங்க அந்த மூணாவது பொண்ணு? மெடல் குடுத்தா அவளுக்குத்தான் குடுக்கணும். இன்னொரு தடவ போடுங்க."

செல்வம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடி போட்டார். இந்த முறை வீடியோவை முடிவுவரை பார்த்தேன். விழுந்தவள் எழுந்தாள். பந்தைத் தரையில் வைப்பதற்கு முன்னால், இடது மணிக்கட்டின் பின்பக்கத்தால் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். வீட்டுப்பாடம் எழுதும்போது, தோசைக்கு மாவு கரைக்கும்போது, என்னிடம் கோபித்துக்கொள்ளும்போது என்று நான் வருடக்கணக்காகப் பார்க்கும் அந்தக் கை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது யாழினி. என் ஒரே மகள். பதினாறு வயது.

"அலமாக்! உங்களுக்குத் தெரியாதா பாஸ்?" என்றார் செல்வம். "ஒரு வருஷமா ஆடுறா லா. நீங்க அடக்கமான ஆளு, பெருமையா சொல்லிக்க மாட்டீங்கன்னுல நெனச்சேன்."

இரண்டாம் பாதி ஆட்டத்தைப் பார்க்காமல் நான் எழுந்து போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

2

இது என்ன ஆட்டம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் என் அதிர்ச்சி உங்களுக்குப் புரியாது. எங்கள் அண்ணன் சேகர் டல்லாஸில் இருக்கிறான் அல்லவா, அவனுக்கும் எனக்கும் பத்து வருடமாக நடக்கும் சண்டையே இதைப் பற்றித்தான்.

அண்ணன் புது வீடு கட்டிக் குடிபோனபோது நானும் என் மனைவி சுமதியும் மூன்று வாரம் அங்கே போயிருந்தோம். போய் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க உட்காரவைத்துவிட்டான். ஆளுக்கொரு ஹெல்மெட், முகத்துக்குக் குறுக்கே கம்பி, தோளில் பலகை பலகையாய் அட்டை. யார் யார் என்று தெரியவில்லை. விசில் ஊதுகிறார்கள், எல்லாரும் முட்டிக்கொள்கிறார்கள், ஐந்து விநாடியில் முடிந்துபோகிறது. பிறகு நிற்கிறார்கள். கூடிப் பேசுகிறார்கள். விளம்பரம் வருகிறது. நான் தொழிற்சாலையில் மெஷினுக்கு நேரம் பிடித்துப் பழகியவன். சும்மா இருக்க முடியாமல் கைக்கடிகாரத்தில் நேரம் பிடித்தேன். ஓட்டம் ஆறு விநாடி, நிற்பது முக்கால் நிமிஷம். எங்கள் மெஷின் ஒன்று இப்படி ஓடினால் அன்றைக்கே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பார்.

இதில் இன்னொரு கூத்து. ஓடுவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு இன்னொரு கூட்டம், பந்தை உதைக்க மட்டும் ஓர் ஆள் தனியாக. அவர் வந்து ஒரு உதை உதைத்துவிட்டு சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மூன்று மணி நேரம் தாண்டியும் ஆட்டம் முடியவில்லை. நான் சோபாவிலேயே தூங்கிப்போனேன். அண்ணன் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

"அது மூளை ஆட்டம்டா. செஸ் மாதிரி. உனக்குப் புரியாது" என்பான்.

"செஸ் ஆடுறவன் எதுக்குடா தலையில சட்டியக் கவுத்துக்கறான்?" என்று நான் கேட்பேன். பிறகு ஒரு வாரம் பேச மாட்டான்.

ரக்பி லீக் அப்படி இல்லை. உங்களுக்குப் புரியும்படி சொல்வதென்றால் கபடிக்குப் பக்கத்து வீடு. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். ஹெல்மெட் இல்லை, அட்டை இல்லை. ஒரு பனியன், ஒரு அரைக்கால் சட்டை, அவ்வளவுதான். பந்தைக் கையில் வைத்திருப்பவன் ஓட வேண்டும், எதிரணிக்காரன் கட்டிப்பிடித்துச் சாய்க்க வேண்டும். சாய்ந்தவன் அழக்கூடாது, விசிலுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே எழுந்து பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் உருட்டிவிட வேண்டும். பின்னால் நிற்பவன் எடுத்து ஓடுவான். இப்படி ஆறு தடவை பிடிபடலாம். அதற்குள் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த ஆறுதான் ஆட்டத்தின் உயிர். நாலு, ஐந்து என்று எண்ணும்போது இங்கே டீக்கடையில் ஒருத்தரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஓடுகிறவனே தடுக்கவும் வேண்டும். ஓடிக் களைத்தவன் திரும்பிப் பார்த்தால் எதிரே இரண்டு மடங்கு ஆள் வந்துகொண்டிருப்பான்; அவனையும் அவன்தான் பிடிக்க வேண்டும். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

முக்கியமாக, முகம் தெரியும். அடிபட்டவன் முகம் சுளிப்பது தெரியும். எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிப்பது தெரியும். பிறகு எழுவதும் தெரியும். அண்ணனிடம் நான் எப்போதும் போனில் கத்துவது இதைத்தான். "ஹெல்மெட் போட்டா அது ஆட்டமே இல்லடா. ரெண்டு இரும்புப் பீரோ முட்டிக்கற மாதிரி இருக்கு. மனுஷன் மூஞ்சி தெரியணும். அதுலதான் கிக்கே இருக்கு."

நான் போனில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்பாள் சுமதி. எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு எட்டவில்லை.

3

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். "யாரக் கேட்டு போன நீ?"

யாழினி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிதானமாகக் கையைக் கழுவினாள். உள்ளே போய் நீல ஃபைலை எடுத்து வந்து ஒரு தாளை நீட்டினாள். முழுக்க மலாய். அடியில் என் கையெழுத்து, தேதியோடு.

"நீங்கதானப்பா சைன் பண்ணீங்க."

"எப்ப?"

"போன வருஷம் ஒரு ஞாயித்துக்கெழம. ரக்பிக்குப் பர்மிஷன் லெட்டர்னு சொன்னேன். நீங்க மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தீங்க. 'எங்க கையெழுத்து?'ன்னு கேட்டீங்க. வெரல வெச்சிக் காமிச்சேன். போட்டீங்க."

ரக்பி பார்த்துக்கொண்டே ரக்பிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இந்த "எங்க கையெழுத்து" எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கடையில் சாமான் வாங்கவும் காவலாளியிடம் பேசவும் எனக்கு மலாய் வரும். ஆனால் அரசாங்கத் தாளில் இருக்கும் மலாய் வேறு. யாழினிக்கு ஒன்பது வயதிருக்கும்போது குடிநுழைவு அலுவலகத்தில் அதிகாரி என்னவோ கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் திரும்பக் கேட்டார். திரும்பவும் ஆட்டினேன். எங்கள் தாள்களை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். அப்போது யாழினி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு கால் விரலில் எம்பி நின்று, மளமளவென்று மலாயில் பேசினாள். நாங்கள் வேறு ஊருக்கு மாறிப் போகிறோமா என்றுதான் அவர் கேட்டாராம். நான் இரண்டு தடவை ஆமாம் என்றிருக்கிறேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தாளெல்லாம் அவள் பொறுப்பு. நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையைப் புதுப்பிப்பது, தண்ணீர் இணைப்பு, சுமதியின் மருத்துவமனைப் படிவம், எல்லாம் அவள் நிரப்புவாள். நானும் சுமதியும் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவோம்.

எங்கள் அப்பா இதற்கு நேர் எதிர். சர்க்கரை ஆலையில் எடை குமாஸ்தா. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் பையில் போடுவார். பத்தாவது படிக்கும்போது மாவட்டக் கபடி அணிக்கு என்னை எடுத்தார்கள். அப்பாவிடம் சம்மதக் கடிதத்தைக் கொடுத்தேன். மூன்று தடவை படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் இறக்கும்வரை எனக்கு அது ஆறவில்லை. என் பிள்ளைக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன். செய்யவும் இல்லை, பாருங்கள். படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன்.

சுமதி அடுப்படியிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் நெட்பால்னுல்ல நெனச்சேன்! துணி மட்டும் ஏன் இவ்ளோ சேறா வருதுன்னு பாத்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "வாரா வாரம் கை தட்டித் தட்டிப் பாத்தீங்கல்ல? இப்ப பாருங்க."

"ஒரு ஹெல்மெட்டாவது போடக்கூடாதா இவ?" என்று கத்தினேன். "மண்டை போச்சுன்னா என்ன பண்றது?"

யாழினி சிரிக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "ஹெல்மெட் போட்டா அது ஆட்டமே இல்ல, இரும்பு பீரோன்னு பெரியப்பாகிட்ட நீங்கதானப்பா சொன்னீங்க. மூஞ்சி தெரியணும்னு."

"அது பாக்கறதுக்குடி!"

"பாக்கறதுக்குன்னா, யாராச்சும் ஆடணும்ல?"



ஆனாலும் அப்பன் என்ற வீம்பு விடவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை ஆட்டம் இருக்கிறது, நானே நேரில் போய் உன் பேரை எடுத்துவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பேரை எடுக்கவும் கடிதம் வேண்டும். அதுவும் மலாயில். என் வீட்டில் அதை எழுதத் தெரிந்தவள் ஒருத்திதான்.

அவளே பேனாவை எடுத்தாள். "சொல்லுங்க, எழுதறேன்."

நான் சொல்லச் சொல்ல எழுதினாள். "என் மகள் யாழினி இனி இந்த ஆட்டத்தில் கலந்துகொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. அவள் அடிபடுவதை நான் விரும்பவில்லை."

பேனாவை நிறுத்தினாள். "விரும்பலைன்னு போடவா, பயமா இருக்குன்னு போடவா?"

"விரும்பலைன்னே போடு."

எழுதி முடித்து, அடியில் விரலை வைத்தாள். கையெழுத்துப் போட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. பொத்துக்கொண்டு வந்ததெல்லாம் எனக்குத்தான். முகம் கழுவப் போகிற மாதிரிப் போய்விட்டேன்.

4

மைதானத்துக்குச் செல்வமும் வந்திருந்தார். ஓரத்தில் நின்றபடி கடிதத்தை அவரிடம் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தேகம். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், "என் மகளுக்கு ஒரு வாரம் காய்ச்சல்" என்று எழுதி அப்பனிடம் கையெழுத்து வாங்கியிருப்பேன்.

செல்வம் வரி வரியாகத் தமிழில் சொன்னார். நான் சொன்னதுதான். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. 'விரும்பவில்லை' என்பதுகூட அப்படியே இருந்தது.

"நல்லா எழுதிருக்கா லா. யாரு எழுதுனது?" என்றார்.

"அவதான்."

செல்வம் கடிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். ஏழு வருடமாக இந்தப் பெண் என்ன நீட்டினாலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் என்னை ஏமாற்றவில்லை. பார்க்கப்போனால் ஒவ்வொரு தடவையும் என்ன தாள் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். கேட்காதது நான்.

பயிற்சியாளர் ஒரு மலாய் ஆசிரியை, பெயர் நோர்லிசா. பிரிஸ்பேனில் படித்தபோது இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து, பக்கத்துக்கு ஒன்பது பேரை வைத்துச் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கிறார். கடிதத்தைக் கொடுக்கலாம் என்று நான் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்.

டிவியில் பார்ப்பது வேறு. டிவியில் மோதும் சத்தம் வராது. உடம்பும் உடம்பும் மோதும்போது ஈர அரிசி மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம் வருகிறது. யாழினி பந்தை வாங்கினாள், ஓடினாள், இரண்டு பேர் அவளைச் சாய்த்தார்கள். "விடுங்கடி!" என்று நான் கத்தியதைச் செல்வம் என் வாயைப் பொத்தித்தான் நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் எழுந்து பந்தை உருட்டிவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை கண்ணை மூடவில்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது தெரிந்தது. குப்புறக் கிடந்தபோது ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. பத்து வருடமாக அண்ணனிடம் நான் வர்ணித்த அதே ஒரு கணம். அது இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. மணிக்கட்டால் முடியை ஒதுக்கினாள். எழுந்தாள்.

நின்ற இடத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. இவர்கள் தலையில் ஹெல்மெட் இருந்திருந்தால், செல்வம் காட்டிய வீடியோவில் அது யார் என்று எனக்குத் தெரிந்திருக்காது. நன்றாகக் கைதட்டிவிட்டு, இரண்டாம் பாதியையும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். எது விறுவிறுப்பான ஆட்டம் என்று அண்ணனிடம் இன்னும் பத்து வருடம் கத்தியிருப்பேன்.

ஆட்டம் முடிந்தது. அவர்கள் தோற்றார்கள். நோர்லிசா டீச்சர் என்னை நோக்கி ஒரு தாளோடு வந்தார். அடுத்த மாதம் மூவார் நகரில் போட்டியாம், பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். பின்னாலேயே யாழினி வந்து, நான் கடிதத்தைக் கொடுத்துவிட்டேனா என்று டீச்சர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தாள். கடிதம் அங்கேயே இருந்தது.

டீச்சரிடமிருந்து தாளை வாங்கி அவளிடம் நீட்டினேன். "படி."

"எதுப்பா?"

"எல்லாம். மேலேருந்து."

சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்துத் தமிழில் சொன்னாள். தேதி, இடம், பஸ் கிளம்பும் நேரம், என்னென்ன கொண்டுவர வேண்டும். வீங்கிய உதட்டால் வார்த்தை கொஞ்சம் குழறியது. கடைசிப் பத்திக்கு வந்ததும் ஒரு கணம் நின்றாள். படிக்காமல் விட்டுவிடுவாளோ என்று பார்த்தேன். விடவில்லை.

"இந்த ஆட்டத்துல காயம் படலாம், எலும்பு முறியலாம், அதுக்கு மேலயும் ஆகலாம்னு தெரிஞ்சுதான் என் பிள்ளைய அனுப்பறேன்."

"அத இன்னொரு தடவ படி."

படித்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

பேனாவைக் கேட்டு வாங்கினேன். கையெழுத்து எங்கே என்று கேட்கவில்லை. நானே தேடிக் கண்டுபிடித்துப் போட்டேன். ஒவ்வோர் எழுத்தாக நிதானித்துப் போட்டதில் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

யாழினி எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது உங்க சைன் மாதிரியே இல்ல லா. ஒத்துக்குவாங்களா?"

அவள் சொன்னது சரிதான். இந்த ஊருக்கு வந்து பதினேழு வருடத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படிக்கக் கேட்டு நான் போட்ட முதல் கையெழுத்து அது.